வயிற்றுக் கட்டு

ஜனவரி 4

எங்கள் கடைக்குச் சரக்கு போடும் எவர்சில்வர் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் டைரி கொடுப்பார்கள். பால்காரர் வராத நாளைக் குறித்து வைப்பதைத் தவிர நான் அதில் வேறொன்றும் எழுதியதில்லை. இந்த வருஷம் எழுதப் போகிறேன். இந்த வீட்டில் நான் சொல்வதைக் கேட்க ஆள் கிடையாது. காகிதமாவது கேட்கட்டும்.

இன்று முதல் வகுப்பு. பிள்ளை பெற்றவர்களின் உடம்பு பழையபடி ஆவதற்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறார்கள். எங்களுக்குப் பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியின் மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே நடக்கிறது. நானும் என் ஓரகத்தி அபிநயாவும் போனோம். என் கொழுந்தன் ராஜ்மோகனைக் கட்டிக்கொண்டு வந்து இரண்டு தீபாவளிகூட ஆகவில்லை, அதற்குள் ஆண்பிள்ளை பெற்றுவிட்டாள். அவளுக்குப் பிறந்த மறுமாதம் எனக்குப் பெண் பிறந்தது. நான் எட்டு வருஷம் காத்திருந்து பெற்றவள். ஆனால் அத்தை எங்களை அனுப்பும்போது சொன்னது இது:

"அபிநயா தனியாப் போக வேணாம். பிரமிளா, நீயும் துணைக்குப் போயிட்டு வாத்தா."

துணைக்கு. நான் பெற்றதை அதற்குள் மறந்துவிட்டார்கள்.

அபிநயாவின் வயிறு இன்னும் உள்ளே போகவில்லை. பங்குனி உத்திரத்துக்கு அவள் மலைக்கோயிலுக்குப் பால்குடம் எடுக்க வேண்டும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு படியேறினால் திண்டுக்கல்லே சிரிக்கும் என்று அத்தைக்குக் கவலை.

அந்தப் பால்குடம் என்னுடையது. கல்யாணமான புதிதில், 'இவளுக்குப் பிள்ளை பிறந்தால் இவள் தலையில் பால்குடம் ஏற்றிக் கொண்டு வருகிறேன்' என்று அத்தை என் பெயரில்தான் வேண்டிக்கொண்டார்கள். கும்பகோணத்தில் சொல்லிச் செய்த கனமான பித்தளைக் குடம். எங்கள் பாத்திரக் கடையில் வைத்து 'பிரமிளா ஞானசேகர்' என்று பெயர் வெட்டினார்கள். பெயர் வெட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். பிறகு அது பரணுக்குப் போய்விட்டது. இத்தனை வருஷமும் வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் ஏதாவது விசேஷம் உண்டா என்று கேட்கும்போது, நான் பரணைத்தான் பார்ப்பேன்.

வீட்டுக்கு முதல் பிள்ளை அபிநயா பெற்றதால் குடத்தை அவள் எடுக்க வேண்டுமாம். வேண்டுதல் என்ன பஸ் சீட்டா, முதலில் துண்டு போட்டவர் உட்காருவதற்கு?

ஜனவரி 7

சொல்லித் தருகிறவர் ஜெனிட்டா மேடம். ஒல்லியாக, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, குரலே எழும்பாமல் பேசுகிறார். ஏழெட்டுப் பெண்கள் வருகிறார்கள். குழந்தைகளை ஜமுக்காளத்தில் வரிசையாகப் போட்டு ஓர் ஆயாம்மா பார்த்துக்கொள்கிறார். ஒன்று அழுதால் எல்லாம் அழும். எல்லோர் ரவிக்கையும் நனையும். அதற்குள் மூச்சை இழு, விடு என்று மேடம் சொல்வார். ஒருத்தி மல்லாந்து படுத்ததும் தூங்கியே போனாள். ஒருத்தி காலைத் தூக்கினால் ஊரையே தூக்குவது போல முனகுகிறாள்.

இன்றைய பயிற்சியைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. "யூரின் போறப்ப நடுவுல நிறுத்துவோம்ல, அந்தச் சதைய மேல இழுத்துப் பிடிக்கணும். மூச்ச வெளிய விடுறப்ப இழுங்க. வெயிட் தூக்குறதா இருந்தாலும் மூச்ச விட்டுக்கிட்டேதான் தூக்கணும்" என்றார். எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. இடுப்பைத் தூக்கி நிறுத்தும் பயிற்சியை எல்லோரையும் விட நன்றாகச் செய்தேன். "பிரமிளா, நீங்க முன்னாடி வாங்க, உங்களப் பாத்து மத்தவங்க செய்யட்டும்" என்றார் மேடம். அபிநயா கடைசி வரிசையில் கிடந்து திணறினாள்.

முடிந்தபின் ஒவ்வொருவரையும் திரைக்குப் பின்னால் கூப்பிட்டுத் தனியாகக் கேட்டார். இருமினால், சிரித்தால் நீர் கசிகிறதா, அடியில் கனமாக ஏதாவது இறங்குவது போல இருக்கிறதா என்று. எனக்கு ஒன்றும் இல்லை என்றேன். அடுத்துப் போன அபிநயா எல்லாவற்றையும் ஒப்பித்தாள். பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் சொல்கிறவள் மாதிரி. வெளியே நின்ற எனக்கே கேட்டது.

திரும்பும்போது ஆட்டோவில் தூசி. இரண்டு மூன்று தும்மல் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் புடவை மாற்றினேன். பாப்பா நனைத்துவிட்டாள் என்று அபிநயாவிடம் சொன்னேன். வழி முழுக்கப் பாப்பா அவள் மடியில் இருந்தாள். அதை அவள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

ஜனவரி 8

துவைக்கிற துணி அதிகமாகிவிட்டது. எல்லாம் குழந்தைத் துணிதான்.

ஜனவரி 12

அபிநயாவுக்கு இன்னும் வயிற்றுக் கட்டு போடுகிறார்கள். எனக்கு நாற்பது நாளோடு நிறுத்திவிட்டார்கள், கேட்க ஆள் இல்லை. மாமாவின் பழைய வேட்டியை நீளமாக மடித்து, வயிற்றைச் சுற்றி இழுத்து, முதுகில் முடிச்சுப் போட வேண்டும். அத்தைக்குக் கைமூட்டு வலி, இழுக்க முடியவில்லை. இன்றிலிருந்து அது என் வேலை.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் முழங்காலை அவள் முதுகில் ஊன்றிக்கொண்டு, "மூச்ச வெளிய விடு. இழுத்துக் கட்டுறேன்" என்றேன். இழுத்தேன். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முடித்ததும் திரும்பி, "நீங்க இல்லேன்னா எனக்கு யாருக்கா இருக்கா?" என்றாள். அவளுக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அதனால் பார்க்கிறவர்களையெல்லாம் அம்மாவாக்கிக்கொள்கிறாள். நான் அவளை விடப் பத்து வயது பெரியவள், அவ்வளவுதான்.

ஜனவரி 21

இன்று மேடம் அபிநயாவைப் பரிசோதித்துவிட்டு என்னையும் உள்ளே கூப்பிட்டார்.

"கர்ப்பப்பை லேசாக் கீழ இறங்கியிருக்கு. பெரிய பிள்ளை, ஆயுதம் போட்டு வேற எடுத்திருக்காங்க. பயப்பட வேணாம், பயிற்சியிலயே மேல ஏறிடும். ஆனா வெயிட்டே தூக்கக் கூடாது, ஒரு குடம் தண்ணிகூட. வயித்த இறுக்கிக் கட்டவும் கூடாது. மேல கட்டினா அழுத்தம் பூராம் கீழதான போகும்? வீட்ல பெரியவங்ககிட்டச் சொல்லிருங்க."

வழியெல்லாம் அபிநயா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "இதப் போயி அத்தைகிட்ட நான் எப்படிக்கா சொல்லுவேன்? நீங்க சொல்லுங்கக்கா" என்றாள். அவள் சொல்வது சரிதான். இந்த வீட்டில் சின்ன மருமகள் அத்தையிடம் நேராக எதையும் பேச மாட்டாள். வயிற்றுவலி என்றால்கூட என்னிடம் சொல்லுவாள், நான் அத்தையிடம் சொல்லுவேன். அத்தை சொல்வதும் என் வழியாகத்தான் போகும். எட்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி இது.

நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 22

சொல்லத்தான் போனேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அத்தை கூடத்தில் உட்கார்ந்து புளி போட்டுக் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பரணில் இருந்த குடம். கடைக்குப் போய் வந்திருக்கிறது. கழுத்துக்குக் கீழே என் பெயர் இருந்த இடத்தை ராவி வழவழப்பாக்கி, அதன் மேலேயே 'அபிநயா ராஜ்மோகன்' என்று வெட்டியிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தேன். என் பெயரில் 'பி'யின் மேல் வளைவு மட்டும் மிச்சம் இருந்தது.

"வேற குடம் எடுத்திருக்கலாமே அத்தே" என்றேன்.

"சாமிக்குன்னு செஞ்சது. இன்னொண்ணு எதுக்கு? கடைக்காரங்க வீட்டுக் குடம் இந்தக் கனம் இருந்தாத்தான் பாக்குறவங்களுக்கு ஒரு மதிப்பு" என்றார்கள். பிறகு நிமிர்ந்து பார்த்து, "நீ என்னமோ சொல்ல வந்த?" என்றார்கள்.

"ஒண்ணுமில்லத்தே. இட்லிக்கு ஊறப் போடணும்" என்றேன்.

அபிநயா அடுக்களை வாசலில் காத்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். "நேர்த்தி நேர்த்திதானாம். எங்க காலத்துல நாங்க பெறலையா, தூக்கலையாங்குறாங்க. வயித்த இன்னும் நல்லா இறுக்கிக் கட்டிக்கச் சொன்னாங்க" என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவள் முகம் சின்னதாகிவிட்டது. "சரிக்கா" என்றாள்.

சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? நேர்த்தியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போட்டு, அவளைக் கட்டிலில் உட்கார வைத்துப் பாலும் பழமும் கொடுத்திருப்பார்கள். அரைப்பதும் சுமப்பதும் என் தலையில். குடத்தில் அவள் பெயர் அப்படியே இருக்கும்.

பிப்ரவரி 2

குடத்தில் தண்ணீர் நிறைத்து மாடிப்படி ஏறி இறங்கிப் பழகச் சொன்னார்கள் அத்தை. தண்ணீர் நிறைத்துத் தூக்கிவிடுகிறவள் நான். அவள் மூச்சை விட்டுக்கொண்டே தூக்கினாள், மேடம் சொன்னபடி. நல்ல மாணவி.

எனக்கு இரண்டு நாளாக இடுப்புப் பக்கம் ஒரு மாதிரி இருக்கிறது. அடுக்களையில் நின்றுகொண்டே இருந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

பிப்ரவரி 11

வகுப்பில் குதிக்கிற பயிற்சி ஆரம்பித்திருக்கிறார்கள். நான் பாப்பா அழுகிறாள் என்று ஜமுக்காளத்துப் பக்கம் போய்விட்டேன். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். ஆயாம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அபிநயாவுக்குக் குறையவே இல்லையே, கூடியிருக்கு. வெயிட் தூக்குறாங்களா? வீட்ல சொன்னீங்களா இல்லையா?" என்று கேட்டார்.

"சொல்லியாச்சு மேடம். அவதான் யார் பேச்சையும் கேக்க மாட்டேங்குறா. சின்னப் பொண்ணு."

மேடம் நேராகப் போய் அபிநயாவைப் பிடித்துக்கொண்டார். அவர் குரல் எழும்பி இன்றுதான் கேட்டேன். "உங்க உடம்பு மேல உங்களுக்கே அக்கறை இல்லேன்னா நான் எதுக்குச் சொல்லித் தரணும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அத்தைதான் தூக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டு விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று வளர்த்திருக்கிறார்கள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. எனக்கும் மனசு இருக்கிறது.

பிப்ரவரி 20

மேடம் வீட்டுக்கு வந்து பேசுவதாகச் சொன்னார். அவர் வருவதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அந்தக் கிளாஸ்ல போயிப் பாயில உருண்டுட்டு வர்றதுதான் மிச்சம் அத்தே, வயிறு கொறையவே இல்ல" என்றேன். அத்தைக்கு அதுவே போதும். இன்றோடு வகுப்பு நின்றது. அபிநயாவை அவள் ஊருக்கு அனுப்புகிறோம், வீட்டுக்கு வர வேண்டாம் என்று மேடத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

முன் வரிசையில் என்னை நிறுத்தி எல்லோரும் பார்த்துச் செய்தது நன்றாகத்தான் இருந்தது. அதையும் இவளுக்காக விட வேண்டியதாயிற்று.

மார்ச் 6

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். என் வீட்டுக்காரர் ஞானசேகர் கல்லாவில் இருந்தார். பெயர் வெட்டுகிற மெஷின் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றேன். "என்ன வேணும்?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன். வாடிக்கையாளரிடம் கேட்பது போலத்தான் என்னிடமும் கேட்பார்.

மார்ச் 19

காலையில் கட்டும்போது அபிநயா, "இன்னைக்கு ஒரு நாள் லூசாக் கட்டுங்கக்கா. உக்காந்தா ஏதோ தட்டுது" என்றாள். அத்தை பக்கத்து அறையில் இருந்தார்கள். நான் சத்தமாக, "என்ன அபிநயா, இன்னும் இறுக்கணுமா?" என்று கேட்டேன்.

"ஆமாத்தா, நல்லா இறுக்கிவிடு" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. அபிநயா கண்ணை மூடிக்கொண்டாள்.

சிரிப்பு வந்தது. எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

மார்ச் 25

பங்குனி உத்திரம். என்ன நடந்ததோ அதை எழுதுகிறேன்.

விடிந்ததும் வேனில் மலையடிவாரத்துக்குப் போனோம். அபிநயா மஞ்சள் புடவை கட்டி, தலை நனைய நின்றாள். நான்தான் கட்டுப் போட்டேன், நான்தான் பால் நிறைத்தேன். கழுத்து வரை நிறைத்தேன். வாழையிலையால் மூடிக் கட்டி, பூச்சுற்றி, அத்தையும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவள் தலையில் ஏற்றினோம். நாதஸ்வரக்காரர் முன்னால் போனார். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அபிநயாவின் பிள்ளையை ராஜ்மோகன் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். என் பாப்பா என் இடுப்பில்.

பாதிப் படி வரை நன்றாகத்தான் ஏறினாள். இளைப்பாறும் மண்டபம் தாண்டியதும் நடை மாறியது. காலை அகட்டி அகட்டி வைத்தாள். நான் அவளுக்குப் பின்னால் வந்தேன், எனக்குத் தெரிந்தது. ஒரு படியில் நின்றாள். "அக்கா" என்றாள். அவ்வளவு மெதுவாகக் கூப்பிட்டாள். நான் நாதஸ்வரச் சத்தத்தில் கேட்காதவள் மாதிரி நின்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குடம் சரிந்து படியில் விழுந்து உருண்டது. எங்கள் கடைக் குடம், ஓர் ஒடுக்கு விழவில்லை. பால் படிப்படியாக இறங்கி வந்தது. எல்லோரும் காலைத் தூக்கித் தூக்கி ஒதுங்கினார்கள்.

அவள் இரண்டு கையையும் மடியில் வைத்து அழுத்திக்கொண்டு, "வெளிய வந்துருச்சு. வெளிய வந்துருச்சுத்தே" என்றாள். என்ன வந்தது என்று ஆம்பிளைகளுக்குப் புரியவில்லை. அத்தைக்குப் புரிந்தது. அத்தை அப்படி அலறி நான் பார்த்ததில்லை.

கட்டிலில் வைத்துத் தூக்கி இறக்கி, அடிவாரத்து ஊரிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கர்ப்பப்பையை உள்ளே தள்ளி, இறங்காமல் இருக்க வளையம் வைத்திருக்கிறார்கள். பின்னால் ஆபரேஷன் செய்ய வேண்டி வருமாம். அடுத்த பிள்ளையைப் பற்றி இப்போது பேச வேண்டாம் என்றார் டாக்டரம்மா. பெற்ற பிள்ளையைக்கூடத் தூக்கக் கூடாதாம். "இது ஒரே நாள்ல வந்ததில்லையே. எக்சர்சைஸ் கிளாஸுக்குப் போனாங்கன்னு சொல்றீங்க, அங்க யாரும் ஒண்ணும் சொல்லலையா?" என்று அத்தையைக் கேட்டார்.

அத்தை அபிநயா பக்கம் திரும்பினார்கள். "அடிப்பாவி, ஏதாச்சும் சொன்னாங்களாடி? எங்கிட்ட ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே. தெரிஞ்சிருந்தா நான் ஒன்னயத் தூக்க விடுவேனா?"

அப்போது அபிநயா என்னைப் பார்த்தாள். நான் பாப்பாவின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லலத்தே" என்றாள்.

மார்ச் 30

அபிநயாவை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். படுத்தபடியே இருக்கிறாள். பிள்ளை அழுதால் அவள் எழுந்து உட்கார்ந்து, தொட்டிலைப் பார்த்துக்கொண்டு, "அக்கா, தம்பியக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று கூப்பிடுகிறாள். நான் போகும்வரை அவன் கத்துகிறான். அவள் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று சொல்ல முடியாது. அவனும் கனக்கிறான், பாப்பாவும் கனக்கிறாள்.

இன்று பிள்ளையை அவள் மடியில் போடும்போது, "அத்தைகிட்ட எப்பக்கா சொன்னீங்க?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உப்புப் போட்டீர்களா என்று கேட்பது போலக் கேட்டாள்.

"அன்னைக்கே சொன்னேனே. அவங்களுக்கு வயசாச்சுல்ல, மறந்திருப்பாங்க."

"ஆமாக்கா. மறந்திருப்பாங்க" என்றாள். அப்புறம் பிள்ளைக்குப் பால் கொடுக்கத் திரும்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 3

அபிநயா நன்றாகப் பேசுகிறாள். சிரிக்கிறாள்கூட. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 5

பால் கொட்டியது நல்லதல்ல என்று கோயில் பூசாரி சொல்லியிருக்கிறார். சித்திரை முதல் நாளில் நேர்த்தியை முடித்துவிட வேண்டுமாம். மத்தியானம் சாப்பாட்டின்போது அத்தை என்னைப் பார்த்து, "ஆதியில இது ஒன் பேருல வேண்டிக்கிட்டதுதான. நாந்தான் மாத்துனேன். அதான் சாமி தட்டிவிட்டுருச்சு. நீயே எடுத்துருத்தா" என்றார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எட்டு வருஷமாக இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன்.

"எனக்கு ரெண்டு நாளா இடுப்பு வலி அத்தே" என்றேன்.

படுக்கையிலிருந்து அபிநயா சொன்னாள்: "அக்காவுக்கு ஒண்ணும் இல்லத்தே. கிளாஸ்லயே அக்காதான் முன்னாடி நிப்பாங்க. மேடம் அக்காவப் பாத்துத்தான் மத்தவங்களச் செய்யச் சொல்லுவாங்க. ஒடம்புக்கு ஏதாச்சும் இருக்கான்னு மேடம் கேட்டப்பக்கூட ஒண்ணுமே இல்லேன்னுதான் சொன்னாங்க."

அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள். "நாந்தான அக்கா, உங்க புடவையெல்லாம் கொடியில காயப் போட்டுக்கிட்டு இருந்தது. எனக்குத் தெரியாதா?"

அத்தைக்கு அது என்னவென்று விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

ஏப்ரல் 8

பாப்பாவுக்குத் தடுப்பூசி என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போய் ஜெனிட்டா மேடத்தைப் பார்த்தேன். திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கும் அதுதான். அபிநயாவுக்கு முதலில் இருந்ததைவிட அதிகம்.

"முதல் நாளே கேட்டேனே பிரமிளா, ஏன் சொல்லல?" என்றார். புடவையைச் சரிசெய்துகொண்டேன். "முன்னாடி நிக்க வச்சது என் தப்பு. இனிமே வெயிட் தூக்கவே கூடாது. இறுக்கிக் கட்டக் கூடாது. உங்களுக்குப் புதுசாச் சொல்ல வேண்டியதில்ல, வீட்ல எடுத்துச் சொல்ற ஆளே நீங்கதான."

சொல்லிவிடுகிறேன் என்றேன். அபிநயா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

ஏப்ரல் 10

இரண்டு நாளாக அத்தை பின்னாலேயே சுற்றுகிறேன், வாய் வரவில்லை. சொன்னால் அத்தை கேட்கப் போகும் முதல் கேள்வி எனக்குத் தெரியும். 'இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? தெரிந்துதான் அவளைத் தூக்க விட்டாயா?' அபிநயா பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும், என்னையும் பாப்பாவையும் இந்த வீட்டில் யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "பொம்பளைங்க சமாச்சாரம் எங்கிட்ட எதுக்கு? அம்மாகிட்டச் சொல்லு" என்றார்.

குடம் கடைக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. மறுபடியும் என் பெயர். இரண்டு தடவை ராவியதில் அந்த இடம் பள்ளமாகிவிட்டது.

ஏப்ரல் 12

வெட்கத்தை விட்டு அபிநயாவிடம் கேட்டேன். அவள் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, எனக்கும் அதே மாதிரி இருக்கிறது, தூக்கினால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன் என்று சொன்னேன். "நான் சொன்னா அத்தை நம்ப மாட்டாங்க. நீ பட்டவ, நீ சொன்னா கேப்பாங்க. நீ சொல்லு அபிநயா" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. எட்டு வருஷத்தில் யாரிடமும் இப்படிக் கெஞ்சியதில்லை.

அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள். "அழுவாதீங்கக்கா. நான் சொல்றேன்" என்றாள்.

ஏப்ரல் 13

சாயங்காலம் அபிநயா என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தைகிட்டச் சொல்லிட்டேன்க்கா. நேர்த்தி நேர்த்திதானாம். எங்க காலத்துல நாங்க பெறலையா, தூக்கலையாங்குறாங்க. வயித்த இன்னும் நல்லா இறுக்கிக் கட்டிக்கச் சொன்னாங்க."

ஒரு எழுத்து மாறவில்லை. அன்றைக்கு அடுக்களை வாசலில் நான் சொன்னதை எத்தனை நாள் மனதில் வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. அத்தை கூடத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள், கூப்பிடு தூரம்தான். போய்க் கேட்டிருக்கலாம். நான் எங்கே போய்க் கேட்பேன்?

"சரி" என்றேன்.

ஏப்ரல் 14

வேன் வந்துவிட்டது. அத்தை குடத்துக்குப் பூச்சுற்றுகிறார்கள். மஞ்சள் புடவை கட்டுவதற்கு முன்னால் அபிநயா கட்டிலை விட்டு எழுந்து வந்தாள். எழக் கூடாது என்று அத்தை சொல்லியும் கேட்கவில்லை. அக்காவுக்கு நான்தான் கட்டிவிடுவேன் என்றாள். எனக்கு எத்தனை நாள் கட்டிவிட்டாங்க என்றாள். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒற்றுமையான மருமகள்கள் யாருக்குக் கிடைப்பார்கள் என்றார்கள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதே வேட்டித் துணி. துவைத்து வைத்திருந்தாள். அவள் இழுக்கக் கூடாது, அவளுக்கும் அது ஆகாது. ஆனாலும் முழங்காலை என் முதுகில் ஊன்றினாள்.

"மூச்ச வெளிய விடுங்கக்கா" என்றாள். "இழுத்துக் கட்டுறேன்."

கட்டிவிட்டுப் போய்விட்டாள். குனிய முடியவில்லை, நின்றுகொண்டே எழுதுகிறேன். பயமாக இருக்கிறது. வாசலிலிருந்து அத்தை கூப்பிடுகிறார்கள். வருகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டேன்.